ஓட்டு ஏழைகளிடம், சொத்து வேறிடம்: சீர்திருத்தம் எங்கே நின்றுபோகிறது?

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓட்டுப் போடுகிறவர்களில் ஏழைகள்தான் அதிகம். அப்படியும் பணக்காரர், ஏழை இடைவெளியைக் குறைக்கிற சீர்திருத்தம் ஏன் நடப்பதில்லை? பணக்காரர்கள் தடுக்கிறார்களா, இல்லை நம் மக்களுக்கே அக்கறை இல்லையா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடைவெளி எதில் இருக்கிறது, வருமானத்திலா சொத்திலா என்பது ஒன்று. பெரும்பான்மை விரும்பினாலும் அதைக் குறைக்கவிடாமல் எது தடுக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டாவதற்குப் பதில் தேடினால் யார்மீதாவது கோபப்படுவதோடு பேச்சு முடிந்துவிடும். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. பொருளாதாரம் படித்துவிட்டுப் பொதுத்துறை வங்கியில் சேர்ந்து, பெரும்பாலும் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கிளைகளில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாருக்குக் கடன் கிடைக்கிறது, யார் திரும்பிப் போகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் அந்த மேசையிலிருந்து தெரிந்தது.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 2019-ல் தேசிய அளவில் எடுத்த கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியாவில் மேலே இருக்கும் 10 சதவீதக் குடும்பங்களிடம் மொத்தச் சொத்தில் 55.7 சதவீதம் இருக்கிறது. அந்த நகர்ப்புறச் சொத்தில் 87 சதவீதம் நிலமும் கட்டடமும்தான். வங்கி டெபாசிட், பங்கு, வண்டி வாகனம் எல்லாம் மீதியில் அடங்கிவிடும். இதே அரசின் இன்னொரு கணக்கெடுப்பு, வீட்டுச் செலவைப் பார்ப்பது, வேறு திசையில் போகிறது. நகர்ப்புறத்தில் செலவின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி குறியீடு 2022-23-ல் 0.314, அடுத்த ஆண்டே 0.284. அதாவது ஏழை வீட்டுக்கும் நடுத்தர வீட்டுக்கும் சாப்பாட்டிலும் துணிமணியிலும் போன் ரீசார்ஜிலும் இருந்த தூரம் குறைந்திருக்கிறது. சொத்தில் இருக்கும் தூரம் அப்படியே பெரிதாக நிற்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், வடசென்னையில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம்.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ளது. இந்தியாவின் மேல் 1 சதவீதத்தினரிடம் 2022-23-ல் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்ததாக பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். வருமான வரித் தகவல், கணக்கெடுப்புகள், பெரும் பணக்காரர் பட்டியல்கள் எல்லாவற்றையும் இணைத்துப் போட்ட கணக்கு அது. 40 என்பது 35 ஆக இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. பெரிய பணக்காரர் வீட்டுக்குள் எந்தக் கணக்கெடுப்பாளரும் எளிதில் நுழைய முடியாது, நுழைந்தாலும் முழுப் பதில் கிடைக்காது. ஆனால் சொத்தின் குவியல் வருமானத்தின் குவியலைவிடப் பெரியது என்பதில் எந்தத் தரப்புக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நம் கேள்விக்கு அது போதும்.

என் மேசையில் இது எப்படித் தெரியும் என்றால், கல்விக்கடனில். நான் வேலையில் இருந்தபோது பொதுவான விதி இது: 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், அதற்குமேல் 7.5 லட்சம் வரை ஜாமீன் போதும், அதையும் தாண்டினால் சொத்து ஈடு வைக்க வேண்டும். ஒருமுறை இரண்டு விண்ணப்பங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகனுக்கு. இன்னொன்று கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவரின் மகளுக்கு. மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான், அந்தப் பெண்ணுக்கு இரண்டு மார்க் கூட என்றுதான் ஞாபகம். இரண்டுமே 7.5 லட்சத்தைத் தாண்டிய படிப்பு. கடைக்காரர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வரிசையாகக் கொண்டுவந்தார். யார்டுக்காரர் கொண்டுவந்தது போர்டு வீட்டின், அதாவது குடிசை மாற்று வாரியம் கொடுத்த வீட்டின், ஒதுக்கீட்டு ஆணை. அதுவும் அவர் பெயரில் இல்லை. முதலில் வீடு ஒதுக்கப்பட்டவரிடமிருந்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியது. மாதாமாதம் தவணை கட்டிய ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டுவந்து, ஒவ்வொன்றாக என் மேசையில் விரித்தார். ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. கடனைக் கட்டுவார் என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் விதிக்குத் தேவைப்பட்டது வேறு. பையன் அந்தப் படிப்பில் சேர்ந்தான். பெண் 4 லட்சத்துக்குள் அடங்கும் படிப்புக்கு மாறிக்கொண்டாள். அந்த இரண்டு அப்பாக்களின் மாத வருமானத்தில் இருந்த வித்தியாசத்தைவிட அந்த இரண்டு கவர்களில் இருந்த வித்தியாசம்தான் பிள்ளைகளின் பாதையைப் பிரித்தது.

வட்டியிலும் இதே கதைதான். பத்திரம் உள்ளவருக்கு வீட்டுக்கடன் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் கிடைக்கிறது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிற அம்மாவுக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் பணம் வேண்டும். அவருக்குக் கிடைப்பது தண்டல். கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூல் செய்து 10,000 ஆக்கிக்கொள்வார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்து ஆண்டு வட்டியாக மாற்றிப் பாருங்கள், 75 சதவீதத்தைத் தாண்டும். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததால் அந்த அம்மாவின் நான்கு மணித் தேவை மறைந்துவிடவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கியிருக்கின்றன, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இதற்கிடையில் சில பின்கோடுகளை 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒதுக்கி வைக்கும் பழக்கமும் கடன் கொடுக்கும் தொழிலில் உண்டு. எழுத்தில் காட்டமாட்டார்கள். முகவரியில் புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று இருந்தால் கிரெடிட் கார்டு விண்ணப்பம் காரணம் சொல்லப்படாமல் திரும்பிவரும். நல்ல சம்பளம் வாங்குகிற இளைஞர்கள் அதற்காகவே அண்ணா நகரில் ஒரு நண்பன் வீட்டு முகவரியைக் கொடுத்ததை அறிவேன்.

வடசென்னையில் ஏன் இத்தனை பேரிடம் பத்திரம் இல்லை என்று கேட்பீர்கள். பரம்பரையாக ஏழை என்பது பாதிப் பதில்தான். நிலத்தின் வரலாறு மீதிப் பாதி. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் வீடு ஒருவருடையது, அடிமனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தம் என்பது சாதாரணம். தாத்தா கட்டிய வீட்டில் பேரன் இருப்பார், அடிமனை வாடகையைக் கட்டிக்கொண்டே வருவார், எந்த வங்கியும் அந்த வீட்டை ஈடாக எடுக்காது. இப்படிக் கட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றத்தான் 1921-ல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 9-வது பிரிவில், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த மனையை வாங்கிக்கொள்ளும் உரிமையே இருந்தது. 1996-ல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. கோயில் சொத்து அடிமாட்டு விலைக்குப் போய்விடக்கூடாது என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. நூறு வருடமாக அதே இடத்தில் வாழும் குடும்பத்தின் கோரிக்கையிலும் நியாயம் இருக்கிறது. இங்கே வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது, அதனாலேயே இந்தப் பிரச்சினை தீராமல் கிடக்கிறது.

குடிசைப் பகுதிகளின் கதை வேறு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது, அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிசையை இடித்து அதே இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பது என்ற அந்த ஆரம்பகால யோசனை நாட்டிலேயே முன்னோடியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீடு கொடுத்த வேகத்தில் கிரயப் பத்திரம் கொடுக்கப்படவில்லை. பல குடியிருப்புகளில் கட்டடம் ஒரு துறையின் கையில், அடியிலிருக்கும் நிலம் இன்னொரு துறையின் பெயரில். நிலம் மாறாமல் பத்திரம் எழுத முடியாது. பிற்காலத்தில் கால்வாய் ஓரங்களிலிருந்து எடுத்துச் சென்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு இன்னும் பெரிய இழப்பு. வியாசர்பாடியிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தத் தூரம் என்பதே வேலையிழப்பு.

சொத்து எங்கே சேர்கிறது என்பதற்குப் பெரம்பூர் பின்னி ஆலையைச் சொல்வேன். 1876-ல் பக்கிங்ஹாம் ஆலையும் சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையும் வந்து, தலைமுறை தலைமுறையாக இந்தப் பகுதிக்குச் சோறு போட்டன. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பிறந்ததும் இந்த ஆலைத் தொழிலாளர்களிடமிருந்துதான். 1996-ல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளி பெற்றுக்கொண்டிருந்தது கூலி, அது அன்றோடு நின்றது. ஆலை நின்ற நிலத்தின் மதிப்போ அதற்குப் பிறகுதான் ஏறியது, இன்று அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. இதில் யாரும் சட்டத்தை மீறியதாக நான் சொல்லவில்லை. கூலியாகப் பெற்றவரின் குடும்பத்துக்கும் நிலமாக வைத்திருந்தவரின் குடும்பத்துக்கும் முப்பது வருடத்தில் எவ்வளவு தூரம் உண்டாகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இதைச் சரிசெய்யும் சீர்திருத்தங்களை யார் தடுத்தார்கள்? அவற்றில் பல, தடுக்கப்படுவதற்கு முன்பே உள்ளிருந்து காலி செய்யப்பட்டன என்பது என் கணிப்பு. 1953-ல் கொண்டுவந்த வாரிசுச் சொத்து வரியின் உச்ச விகிதம் ஒருகாலத்தில் 85 சதவீதம். கேட்டால் பயமாக இருக்கும், வசூலோ சுமார் 20 கோடி ரூபாய் என்ற நிலையில் 1985-ல் கைவிட்டார்கள். 1957-ல் வந்த செல்வ வரியிலிருந்து 1993-ல் பங்குகள் போன்றவற்றை உற்பத்திச் சொத்து என்று சொல்லி விலக்கினார்கள். மிஞ்சியது கூடுதல் வீடு, நகை, கார், நகர்ப்புறக் காலிமனை இப்படிச் சில. பிறகு 2013-14-ல் நாடு முழுவதும் 1,008 கோடிதான் வசூலாகிறது, செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று 2015 பட்ஜெட்டில் அதை ரத்து செய்தார்கள். பானையில் ஓட்டை போட்டவர்களே தண்ணீர் நிற்கவில்லை என்று பானையைத் தூக்கிப் போட்டதுபோல. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் தமிழ்நாட்டில் 1978-ல் வந்து, 1999-ல் நீக்கப்பட்டது. ஒழுங்காக வடிவமைத்த செல்வ வரி இந்தியாவில் எவ்வளவு வசூலிக்கும் என்பது திறந்த கேள்விதான். வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யில் 1990-ல் 12 நாடுகளில் இருந்த இந்த வரி 2017-ல் 4 நாடுகளாகச் சுருங்கியது. பணம் எல்லை தாண்டி ஓடும் என்ற வாதத்தை வெறும் பணக்காரர் சாக்கு என்று ஒதுக்க நான் தயாரில்லை.

ஆனால் நிலம் ஓடாது. அதனால்தான் வீட்டு வரியை, அதாவது மாநகராட்சிச் சொத்து வரியை, நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அரசியல் சாசனப்படி செல்வ வரியும் விவசாய நிலம் தவிர்த்த வாரிசு வரியும் ஒன்றிய அரசின் அதிகாரம். நிலம், கட்டடம் மீதான வரி மாநிலத்தின் அதிகாரம். சட்டமன்றத்தில் எத்தனை வாக்குறுதி கொடுத்தாலும் நகரத்தில் மாநிலம் கைவைக்கக்கூடிய முக்கியமான சொத்து இதுதான். சென்னையில் 1998-ல் செய்த பொதுச் சீராய்வுக்குப் பிறகு அடுத்த முழுமையான சீராய்வு 2022-ல்தான் நிலைத்தது. இடையில் 2018-ல் அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். இருபத்து நான்கு வருடம் வரி ஏறாமல் இருந்ததில் அதிக லாபம் யாருக்கு? வாடகை மதிப்பு வேகமாக ஏறிய இடங்களில் பெரிய கட்டடம் வைத்திருந்தவர்களுக்கு. எதிர்த்துக் குரல் கொடுத்ததோ, கொருக்குப்பேட்டையில் 500 சதுர அடி ஓட்டு வீடு வைத்திருந்தவரும் சேர்ந்துதான். 2022-ல் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800-க்கு மேலே உள்ளதற்கு 150 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். அந்தப் படிநிலை சரியான திசை என்றே நினைக்கிறேன். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த உயர்வு தெருவில் இறங்கிய ஏழைகளின் அழுத்தத்தால் வரவில்லை. சொத்து வரியைத் திருத்தினால்தான் உள்ளாட்சிக்கு மானியம் என்று 15-வது நிதி ஆணையம் போட்ட நிபந்தனைதான் பெரிய காரணம்.

ஏழைகள் ஏன் தங்கள் எண்ணிக்கையைப் பயன்படுத்தவில்லை என்ற உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வருகிறேன். அக்கறை இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஏழைகள் என்று ஒரே கூட்டம் இல்லை என்பதுதான் என் அனுபவம். அதே பின்னி ஆலையில் 1921-ல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே சங்கு ஊதினால் ஒரே வாசலில் நுழைகிறவர்கள் அவர்கள். பட்டினியைத் தாங்கக் கையிருப்பே இல்லாதவர்களைத் துரோகி என்று சொன்ன மனநிலை சங்கத்தை உடைத்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். இன்று அந்தப் பிளவின்மேல் காகிதப் பிளவும் ஏறியிருக்கிறது: பட்டா உள்ளவர், அடிமனைக்காரர், போர்டு வீட்டுக்காரர், புறம்போக்கில் இருப்பவர், இவர்கள் எல்லோரிடமும் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர். இங்கே வீட்டுக்காரரே பல நேரம் ஏழை. கணவர் போன பிறகு இரண்டு போர்ஷன் வாடகையில் சாப்பிடுகிற அம்மாவும் கணக்குப்படி சொத்து உள்ளவர்தான். வாடகைதாரருக்கு நன்மை என்று எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் பயப்படுவார்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தில் வாரிசு வரி பற்றிப் பேச்சு அடிபட்டபோது, எங்கள் தெருவில் அயர்ன் வண்டி வைத்திருப்பவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "இன்னா சார், ஆயுசு பூரா சம்பாரிச்சுக் கட்டுன வூடு, நான் செத்தா பாதி கவர்மெண்டுக்குப் பூடுமாமே, மெய்யா?" அவருடைய வீடு ஒன்றரை சென்டில் இருக்கிறது. எந்த நாட்டில் வாரிசு வரி இருந்தாலும் அவர் அளவுச் சொத்தைத் தொடாதபடி வரம்பு வைக்க முடியும் என்று விளக்கினேன். தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கம் நிலம் என்று பேசினாலே எதையோ எடுக்கப் போகிறது என்பதுதான் கால்வாய் ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் வாழ்ந்தவர்கள் கண்டது. ரேஷன், காலை உணவு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை, இவையெல்லாம் கைக்கு வந்து சேருகின்றன, மக்கள் நம்புகிறார்கள், அதற்காக ஓட்டும் போடுகிறார்கள். இலவசம் என்று இவற்றை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செலவு ஏற்றத்தாழ்வு குறைந்ததற்கு இவையும் காரணமாக இருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் தண்டலைக் குறைக்கும், பத்திரமாக மாறாது.

அப்படியானால் எல்லோருக்கும் பத்திரம் கொடுத்துவிட்டால் போதுமா? இங்கே நான் நிதானமாகப் பேச வேண்டும். அர்ஜென்டினாவில் புவனஸ் ஐரிஸ் நகரின் புறப்பகுதி ஒன்றில், உரிமைப் பத்திரம் கிடைத்த குடும்பங்களையும் கிடைக்காத அண்டைக் குடும்பங்களையும் ஒப்பிட்டு ஒரு நல்ல ஆய்வு நடந்தது. பத்திரம் பெற்றவர்கள் வீட்டை மேம்படுத்தினார்கள், பிள்ளைகளை அதிகம் படிக்க வைத்தார்கள். வங்கிக் கடன் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஒழுங்கற்ற வருமானத்தைப் பார்த்து வங்கி தயங்கும் என்பதால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. இன்னொரு அபாயம் நம் பக்கத்தில் உண்டு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தப் பாதையை ஒட்டிய மனைகளுக்குத் தரகர்கள் அலைகிறார்கள். கடனில் இருக்கிறவர் கையில் இன்று பத்திரம் கொடுத்தால் நாளை அவசரத்துக்கு விற்றுவிட்டு வெளியேறவும் கூடும். அதைத் தடுக்கச் சில ஆண்டுகள் விற்கக்கூடாது என்று விதி போடலாம். அது ஏழையை மட்டும் கட்டிப்போடுகிற விதி என்ற எதிர்வாதமும் வலுவானது. இதில் எனக்கு முடிவான கருத்து இல்லை.

கருத்து உறுதியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: தவணையை முழுதாகக் கட்டி முடித்தவருக்குப் பத்திரம் தராமல் வைத்திருப்பதற்கு எந்தப் பொருளாதார நியாயமும் இல்லை. அதற்குப் புது வரி தேவையில்லை, நாடாளுமன்றம் தேவையில்லை, எந்தப் பணக்காரரும் அதை எதிர்க்கப் போவதில்லை. இரண்டு துறைகள் உட்கார்ந்து நிலத்தைப் பெயர் மாற்றினால் போதும். 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று கட்டுமானங்கள் வருகின்றன, வரட்டும், நீண்ட காலம் புறக்கணித்த பகுதி இது. அந்தப் பட்டியலில் பத்திரமும் ஒரு வேலையாகச் சேர வேண்டும். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, பெயர் மாற்றத்துக்குக் கிடையாது, ஆகவே கேட்டால்தான் நடக்கும்.

எப்படிக் கேட்பது என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போதும். உங்கள் வாரியக் குடியிருப்பின், அதாவது திட்டப்பகுதியின், பெயரைக் குறிப்பிட்டு மூன்று விவரங்கள் கேளுங்கள்: மொத்த வீடுகளில் எத்தனை வீடுகளுக்குத் தவணை முடிந்திருக்கிறது, அவற்றில் எத்தனைக்குக் கிரயப் பத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, நிலம் இன்று எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது. பதில் கிடைத்ததும் அதை நகலெடுத்து வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் முன்னால் வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது விவரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் கோப்பு நிற்கிற இடம் அதுதான்.